காத்திருப்போர் அறையில் ஆறு கோணல் படங்கள்

எனக்குக் கோணல் ஆகவே ஆகாது. சாப்பிடப் போன இடத்தில் மேஜை ஆடினால், காகிதத்தை மடித்து அதன் காலுக்கடியில் வைத்துவிட்டுத்தான் தட்டில் கை வைப்பேன். இப்படிப்பட்டவன் படங்களுக்கு பிரேம் போடும் வேலைக்கு வந்தது நல்ல பொருத்தம் என்று எல்லாரும் சொல்வார்கள், என் மச்சானைத் தவிர.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கடை அவருடையது, வேலை மேஜை மட்டும் என்னுடையது. போன மாதம் ஒரு கல்யாணப் போட்டோவில் ஜோடிக்குப் பின்னாலிருந்த தூண் சாய்ந்து தெரிந்தது. தூணை நிமிர்த்துகிற மாதிரி, போட்டோவைச் சுற்றி வைக்கும் அட்டையைச் சாய்த்து வெட்டினேன். தூண் ஜம்மென்று நின்றது. பெண்ணின் அப்பாவுக்குத்தான் பாதி முகம் போய்விட்டது. அவர் முழு முகத்தோடு கடைக்கு வந்து திட்டிவிட்டுப் போனார்.

"இன்னொரு தடவ உன் கைவரிசைய காட்டினேன்னு வை, வேற இடம் பாத்துக்க மாப்ளே. தங்கச்சி புருஷன்னெல்லாம் பாக்க மாட்டேன்" என்றார் மச்சான்.

நாற்பத்தாறு வயதில் எனக்கு எவன் வேலை கொடுப்பான்? இதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டரிடமிருந்து ஆறு படங்கள் வந்தன, சுருட்டி, குழாயில் போட்டு. யாரோ எப்போதோ வரைந்த ஓவியங்களின் அச்சுப் பிரதிகள். சோபாவுக்கு மேலே அழகுக்கு மாட்டுவார்களே, அந்த ரகம். சிவப்புச் சதுரம், குறுக்கே கறுப்புப் பட்டை, மூலையில் மஞ்சள் வட்டம். மனிதன், மாடு, மரம் எதுவும் கிடையாது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது திக்கென்றது. ஆறு படத்திலும் சதுரங்கள் தாளின் ஓரத்தோடு ஒத்துவராமல் ஒரு துளி சாய்ந்திருந்தன. அச்சடித்தவன் தூங்கிக்கொண்டே வெட்டியிருக்கிறான் என்று முடிவுகட்டினேன்.

குழாய்க்குள் ஒரு சீட்டும் இருந்தது. 'தாளில் உள்ளபடியே பிரேம் போடவும்.' உள்ளபடியே என்றால் கோணலாகவா? எந்த மடையன் கோணலைக் காசு கொடுத்து வாங்குவான்? பாவம், டாக்டருக்குத் தெரியவில்லை என்று ஆறு தாளையும் அட்டைக்குப் பின்னால் லேசாகத் திருப்பி ஒட்டினேன். சதுரங்கள் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றன. டாக்டரின் காத்திருப்போர் அறைக்கு நானே போய், நேர் பார்க்கும் ரசமட்டம் வைத்து மாட்டினேன். ஆறிலும் குமிழி நடுவில் வந்து நின்றபோது எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

நான்காம் நாள், அங்கே டோக்கன் கொடுக்கும் அம்மா மச்சானுக்கு போன் செய்தார். மச்சான் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

"நீங்கதான் நேராக்கினதா?" என்றார் டோக்கன் அம்மா, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

"ஆமாம்மா. அச்சுல கோணலா இருந்துச்சு."

"கோணலா இருக்குன்னுதானே வாங்கினோம். முன்னாடி இந்த மாதிரி ஒரு படம் இங்க இருந்துச்சு. வர்றவங்க யாரும் சும்மா உக்கார மாட்டாங்க. ஒருத்தர் எழுந்துபோய்ச் சதுரத்த நேராக்குவார், பிரேம் சாஞ்சிடும். அடுத்தவர் போய் பிரேம நேராக்குவார், சதுரம் சாஞ்சிடும். அதுலயே அரை மணி ஓடிடும். என் நம்பர் எப்ப வரும்னு யாரும் என் உயிர எடுக்க மாட்டாங்க. இத்தன கை பட்டு அது ஒருநாள் விழுந்து உடைஞ்சுபோச்சு. கூட்டமும் கூடிப்போச்சேன்னு டாக்டர்கிட்ட கெஞ்சி ஆறு வாங்க வச்சேன். நீங்க மொத்தத்தையும் நேராக்கிட்டீங்க. மூணு நாளா எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்காங்க."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு?"

"உள்ளபடியே..." என்று இழுத்தேன்.

"இப்பவே மாத்து. இவங்களுக்குத் திருப்தியாச்சுன்னா சரி. இல்லன்னா நாளைக்குக் கடைப்பக்கம் வராத."

ஆறு படங்களையும் இறக்கிக்கொண்டு மூலையில் தரையிலேயே உட்கார்ந்தேன். பின்பலகையைக் கழற்றி, ஒட்டியதைப் பிரித்து, தாளைப் பழையபடி திருப்பி வைத்தேன். நேராக நின்ற சதுரத்தை என் கையாலேயே சாய்ப்பதற்கு எனக்கு அழுகையே வந்தது. ஆறையும் மாட்டி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"யாராவது ஒருத்தர் எழுந்துபோய்த் தொடட்டும். அப்புறம் ரசீதுல கையெழுத்துப் போடறேன். நீங்க தொடக் கூடாது" என்றார் டோக்கன் அம்மா.

எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வீங்கிய கன்னத்தைத் துண்டால் தாங்கியிருந்தார். மற்றவர்கள் போனில் மூழ்கியிருந்தார்கள். ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று, ஒருவரும் அசையவில்லை. எனக்கோ கை அரித்தது. ஒருவழியாக ஒரு பெரியவர் எழுந்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் படத்தைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, "என் நம்பர் எப்பம்மா வரும்?" என்றார்.

டோக்கன் அம்மா பேனாவை மூடி வைத்தார். வாசலோரம் மச்சான் வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். வீட்டில் மனைவியிடம் எப்படிச் சொல்வது, முதலில் என்ன சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

சாவிச் சத்தம் நின்றது.

மச்சான் மூன்றாவது படத்துக்கு முன்னால் நின்றார். ஒற்றை விரலால் இடது மூலையை ஏற்றினார். இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். சூள் கொட்டிவிட்டுத் திரும்பப் போய் இறக்கினார்.

"சார், வலது பக்கம் கொஞ்சம்..." என்றார் வீங்கிய கன்னத்துக்காரர், துண்டுக்குள்ளிருந்து.

"ஐயோ, இப்ப பிரேம் சாயுது சார்" என்று ஓர் அம்மா பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

டோக்கன் அம்மா கையெழுத்துப் போட்டு ரசீதை என்னிடம் நீட்டினார்.

நான் மெதுவாக மச்சான் பக்கத்தில் போய் நின்றேன். "மச்சான், நாளைக்கு வேலைக்கு வரலாமா?"

"வராம எங்க போவ?" என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல்ல போய் வண்டியில இருக்கற ரசமட்டத்த எடுத்துட்டு வா."