நூற்றுக்கு முப்பத்து மூன்று

சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மார்க் போடுவதுதான் தங்கையின் உத்தியோகம். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் மூன்று அறைகள். அதுதான் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கத்தின் அலுவலகம். காடு, ஏரி, விலங்கு, பறவை சம்பந்தமாக அந்த ஆண்டு மன்றத்தில் ஓட்டுக்கு வந்தவற்றில் முக்கியமான பன்னிரண்டை எடுத்துக்கொண்டு, எண்பத்தாறு உறுப்பினர்களில் யார் எதற்குக் கை தூக்கினார்கள் என்று பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு சின்னப் புத்தகம் போடுவார்கள். பத்திரிகைக்காரர்கள் அதை வரி விடாமல் படிப்பார்கள். உறுப்பினர்களும் படிப்பார்கள், படிக்காத மாதிரி காட்டிக்கொள்வார்கள்.

அந்த எண்பத்தாறு பேரில் ஒருவர் அவளுடைய சொந்த அண்ணன். வம்பே வேண்டாம் என்று அவருடைய பக்கத்தை மட்டும் அவள் தொடுவதில்லை. அதை நாரை பார்த்துக்கொள்வார். ஆள் நல்ல உயரம், குச்சிக் கால், ஏரியில் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்று பறவை எண்ணுகிறவர். அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று அவருக்கே தெரியாது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். பாரபட்சம் என்பது அவர் அகராதியிலேயே கிடையாது. அந்த ஆண்டு அண்ணனுக்கு அவர் போட்டது முப்பத்து மூன்று.

புத்தகம் திங்கட்கிழமை வெளிவந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணி போன் செய்தாள். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார், காப்பி ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை, எதிர்க்கட்சிக்காரன் திட்டினால் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிற மனுஷன் இதற்குப் போய் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்றாள். அவரே அங்கே வரப்போகிறார் என்றும் சொல்லிவைத்தாள்.

சொன்ன மாதிரியே புதன்கிழமை அண்ணன் வந்தார். ஆபரேஷன் செய்த முழங்காலோடு மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, தங்கையின் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் ஒரு கத்தைக் காகிதம்.

“மார்க் போட்டது நான் இல்ல அண்ணா,” என்றாள் முதலிலேயே.

“தெரியும். போட்டவரைக் கூப்பிடு.”

நாரை வந்து நின்றார். அண்ணன் சண்டை பிடிக்கப்போகிறார் என்று தங்கை நினைத்தாள். அவரோ பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்தியவரிடம் போய் நிற்கிற மாணவன் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். நான்கு சரி, ஐந்து தப்பு, மூன்று வரவில்லை. வராத மூன்றும் முழங்கால் ஆபரேஷன் நடந்த வாரத்தில் வந்தவை. மன்றச் செயலர் கையெழுத்துப் போட்ட விடுப்புக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். நாரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிதம் இருந்தால் அவற்றைக் கழித்துவிடுவதுதான் சங்கத்தின் விதி; முன்பே அனுப்பியிருக்கலாமே சார் என்றார். ஒன்பதுக்கு நான்கு என்றால் நாற்பத்து நான்கு. திருத்தம் போடுவதாக ஒப்புக்கொண்டார்.

தப்பு ஐந்தில் நான்கைப் பற்றி அண்ணன் வாயே திறக்கவில்லை. கட்சி சொன்னது, கை தூக்கினார், அவ்வளவுதான். ஐந்தாவதற்கு வந்தபோது தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏரிக்கரைச் சதுப்பு நிலத்தின் பாதுகாப்பு எல்லையைச் சுருக்கி, கிடங்குகள் கட்ட வழிவிட்ட தீர்மானம் அது. அண்ணனின் சொந்தத் தொகுதி. சின்ன வயதில் இரண்டு பேரும் விடுமுறை முழுக்கக் கிடந்த இடம். அந்த ஓட்டுக்கு அப்புறம் பத்து மாதமாக அவள் அண்ணன் வீட்டுக்குப் போனால் அண்ணியிடம் பேசிவிட்டுத் திரும்பிவிடுவாள்.

“அந்த ஒண்ணுக்கு மார்க் கேட்கல,” என்றார் அண்ணன். “ஆனா மின்கம்பி விஷயத்தை எங்கேயுமே போடலியே.”

எந்த மின்கம்பி என்று கேட்டார் நாரை. ஏரிக்குக் குறுக்கே போகிற உயரழுத்தக் கம்பி, அதில் பறவைகள் மோதாமல் இருக்கச் சிவப்புத் தகடு தொங்கவிட வேண்டும் என்று மின்சாரச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தது தான்தான் என்றார் அண்ணன். அவர் தலைவராக இருந்த மின்சாரக் குழுவின் அறையில் நடந்தது. அங்கே கை தூக்குவதைப் பேர் போட்டு வெளியிடுவதில்லை.

நாரை தன் அறைக்குப் போய் ஒரு தடிமனான நோட்டோடு திரும்பினார். அந்தக் கம்பிக்குக் கீழே மாதாமாதம் நடந்து, அடிபட்டுக் கிடக்கும் பறவைகளை எண்ணுவது அவர் வழக்கம். போன ஆண்டு அறுபத்தொன்று. இந்த ஆண்டு நான்கு. தகடு தொங்குவதை அவரும் பார்த்திருந்தார். மின் நிறுவனத்துக்கு என்ன திடீரென்று நல்ல புத்தி என்று யார் யாரையோ கேட்டும் விஷயம் பிடிபடவில்லை.

“நீங்களா சார்?” என்றார்.

ஆனால் வாய்ச்சொல்லை வைத்துச் சங்கம் எதையும் அச்சிடாது. மறுநாள் தங்கை மன்ற நூலகத்துக்குப் போனாள். குழுக் கூட்டக் குறிப்புகள் பூட்டி வைத்த ரகசியம் ஒன்றுமில்லை. கேட்க ஆள் இல்லாததால் கீழ்த் தளத்து அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. நூலகர் இரண்டு தும்மலுக்கு நடுவே கட்டைப் பிரித்துக் கொடுத்தாள். மூன்று மணி நேரத் தேடலுக்குப் பிறகு அந்த இடம் கிடைத்தது. அண்ணன் பெயர் இருந்தது. அடுத்த வரியும் இருந்தது: சதுப்பு நில எல்லைத் தீர்மானத்தை மன்றத்தில் ஆதரிக்க உறுப்பினர் இசைந்ததைத் தொடர்ந்து, மின்கம்பித் திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். ஒரு பக்கம் நெஞ்சு லேசானது. இன்னொரு பக்கம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படியே நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் சமையலறையில் அண்ணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா பேரம்னு சொல்வே,” என்றார் அண்ணன். “பேரம்தான். ரெண்டும் கேட்டேன், ஒண்ணுதான் கிடைக்கும்னாங்க. எது இப்பவே உயிரைக் காப்பாத்துமோ அதை எடுத்தேன். சரியா தப்பான்னு இன்னிவரைக்கும் தெரியல.”

அண்ணி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பி நின்றாள். இந்தப் பத்து மாதத்தில் தன்னிடமும் இதைச் சொல்லவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானும் ஒரு வெங்காயத்தை எடுத்தாள். கொஞ்ச நேரம் மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் ஒரு சௌகரியமான காரணமாக இருந்தது. பிறகு அவள் சொன்னாள்: “நீ வாக்குக் கொடுத்தது ஒரு தடவைக்கு. அதைக் காப்பாத்திட்டே. எல்லையைப் பழையபடி வைக்கணும்னு எதிர்க்கட்சி அடுத்த மாசம் தீர்மானம் கொண்டு வருது. கிடங்குக்கு இன்னும் ஒரு கல்லுகூட வைக்கல. இந்தத் தடவை நீ யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்ல.”

அண்ணன் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தார். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். வெகுநாளைக்குப் பிறகு அவள் அந்த வீட்டில் சாப்பிட்டாள்.

ஓட்டெடுப்பு நாளன்று தங்கையும் நாரையும் பார்வையாளர் மாடத்தில் இடம் பிடித்தார்கள். ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றதும் எதிர்க்கட்சி வரிசைகளில் கைகள் எழுந்தன. ஆளுங்கட்சிப் பக்கம் யாரும் அசையவில்லை. அண்ணன் மேஜையைப் பிடித்து எழுந்து நின்றார்; முழங்கால் வலியால் எழுந்திருக்கிறார் என்றுதான் பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார், தாங்கிப்பிடிக்கப் போனார். நின்றபடியே அண்ணன் கையைத் தூக்கினார். கட்சிக் கொறடா கழுத்தைத் திருப்பி முறைத்தார். பின்வரிசையில் இருந்த இன்னொரு ஆளுங்கட்சிக்காரர் அண்ணனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தானும் தூக்கினார். ஆதரவு நாற்பத்து நான்கு, எதிர்ப்பு நாற்பத்திரண்டு. தீர்மானம் நிறைவேறியது. நாரை பறவை எண்ணுகிற மாதிரி விரல் நீட்டி மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரமே அண்ணனின் குழுத் தலைவர் பதவி போயிற்று. பதவியோடு வந்த காரும் போயிற்று. அண்ணிக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. மனுஷன் இப்போதாவது வேளைக்கு வீட்டுக்கு வருகிறாரே என்றாள். அடுத்த தேர்தலில் கட்சி சீட்டுக் கொடுக்குமா என்று அண்ணன் ஒரு நாள் யோசித்தார், மறுநாள் விட்டுவிட்டார். சங்கம் தனித்தாளாக ஒரு திருத்தம் வெளியிட்டது: மார்க் நாற்பத்து நான்கு, கீழே, மின்கம்பித் திருத்தத்தையும் அதற்காக அவர் விட்டுக்கொடுத்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லும் ஒரு பத்தி. அதை அண்ணன் எழுத்துக்கூட்டிப் படிப்பது போல மெதுவாகப் படித்துவிட்டு, நியாயமாகத்தான் எழுதியிருக்கிறது என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நாரையின் மாதாந்திரக் கணக்கெடுப்புக்கு நான்கு பேருமாகப் போனார்கள். தலைக்கு மேலே சிவப்புத் தகடுகள் காற்றில் சுழன்றன. நான்கு கிலோமீட்டர் நடந்தும் கீழே ஒரு இறகைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. அண்ணனின் ஒரு செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது. அதை இழுத்தெடுக்கப் போய்த் தங்கை வழுக்கி உட்கார்ந்தாள். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தண்ணீரோரம் கூட்டமாக நின்ற கூழைக்கடாக்களைக் காட்டி அண்ணன் கொக்கு என்றார். நாரை திருத்தினார். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் கொக்கு என்றார். நாரை மறுபடியும், சற்றும் அலுத்துக்கொள்ளாமல், திருத்தினார்.