முனி குடிக்காத சுருட்டு

லோகநாதன் சட்டைப் பையிலிருந்து எடுத்தது சுருட்டு என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. வெள்ளி நிறத்தில் ஒரு குழாய். டாக்டர் வைத்திருக்கும் ஏதோ சாமான் போல இருந்தது. மூடியைத் திருகி உள்ளங்கையில் அவன் கவிழ்த்தபோது, கழுத்தில் தங்கக் காகிதம் ஒட்டிய ஒரு சுருட்டு வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கோணல் இல்லை, முடிச்சு இல்லை, எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு.

"மவுண்ட் ரோட்டுல வாங்கினது அண்ணி. எங்க மானேஜரு குடிக்கிற சரக்கு. ரொம்ப காரமும் இல்ல, சப்புனும் இல்ல. நடுவாந்தரம். முனிக்கு இதுல ஒரு கொறையும் வராது."

"கொறையா இல்லியான்னு முனி சொல்லட்டும். நீ எதுக்கு பல்ல இளிக்கிற?" என்றாள் குப்பம்மாள்.

கூட்டம் சிரித்தது. லோகநாதனும் சிரித்தான். அவன் குப்பம்மாளின் புருஷனுக்குத் தம்பி. படகை விற்றுவிட்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கம்பெனி ஒன்றுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி ஆகியிருந்தான். கம்பெனிக்குக் கழிவுத் தண்ணீரை ஏரியில் கொண்டுபோய் விட ஒரு வாய்க்கால் வேண்டும். அது முனி நிற்கும் பனந்தோப்பைக் கிழித்துக்கொண்டுதான் போகமுடியும். ஊர் சம்மதித்தால் வெட்டிக்கொள் என்று மேலே சொல்லிவிட்டார்கள். ஊர் என்ன சொல்லும்? முனியைக் கேட்கணும் என்று சொல்லிற்று. தோப்பில் ஒரு மட்டை வெட்டுவதற்கே முனியைக் கேட்கிற ஊர் அது.

முனியைக் கேட்பதென்றால் குப்பம்மாளைக் கேட்பது. அவள் புருஷன் இருந்தவரை முனி அவன்மேல் வந்தான். புருஷன் செத்த வருஷம் ஆடியில், பம்பை அடிக்க அடிக்க, முனி எந்த ஆம்பளையையும் தொடாமல் நேராக அவள்மேல் வந்து இறங்கினான். பொம்பளைமேலா என்று சிலர் முணுமுணுத்தார்கள். முனியிடம் போய்க் கேட்க ஒருவனுக்கும் தைரியம் இல்லை. அப்படியே பழகிப்போயிற்று.

கேட்கும் முறை எளிது. சுருட்டின் நடுவில் ஒரு சிவப்பு நூல் கட்டுவார்கள். பற்றவைத்து அவள் வாயில் வைப்பார்கள். அதன்பிறகு அவள் கையால் தொடக்கூடாது. நெருப்பு நூலுக்கு வருகிறவரை சாம்பல் உதிராமல் நின்றால் முனிக்குச் சம்மதம். அதற்கு முன் உதிர்ந்தால் இல்லை. எளாவூர் செக்போஸ்டில் ஆந்திரா லாரிக்காரர்களிடம் வாங்குகிற சுருட்டில் சாம்பல் நாலு இழுப்புக்கு நிற்காது. ஆகவே முனி பெரும்பாலும் சம்மதிக்கிறவன் இல்லை. அதனால்தான் தோப்பு இன்னும் தோப்பாக இருந்தது.

குப்பம்மாளுக்கு அந்தத் தோப்பைவிட அதற்குக் கீழே இருந்த கரைதான் பெரிது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அவள் இறால் தடவிப் பிடிப்பது அங்கேதான். கவரைப்பேட்டைக்கு அந்தப்பக்கம் இதேபோல் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்ததை அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் கிடந்தது. தாகத்தோடு வந்த எருமை ஒன்று மூக்கை நீட்டி மோந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. எருமையே குடிக்காத தண்ணீரில் இறால் என்ன செய்யும் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வீட்டுக்கு ஒரு வேலை என்று லோகநாதன் சொன்னதை எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். முனி பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டாள்.

அன்று காலை வெயில் ஏறுமுன்னே எல்லாரும் தோப்பில் கூடியிருந்தார்கள். சுண்ணாம்படித்த மூன்று கல்லுக்கு முன்னால் குப்பம்மாள் ஈரச்சேலையோடு நின்றாள். ஊர்த் தலைவர் ரங்கசாமி சுருட்டில் நூலைக் கட்டினார். சடையப்பன் பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"ஒரு வாரமா லோகநாதன் ஊட்டுப் பின்னால ஒரே இருமல்," என்றாள் கூட்டத்தில் நின்ற சின்னப்பொண்ணு. "பீடி கூட குடிக்காத மனுசன். இன்னா சீக்கோ!"

"சளி," என்றான் லோகநாதன்.

"சளிக்கு இவ்ளோ வாசனையா வரும்?"

ரங்கசாமி அதட்டினார். பம்பை தொடங்கியது.

குப்பம்மாள் நுனியைக் கடித்துத் துப்பினாள். ரங்கசாமி கையைக் குவித்து நெருப்பு வைத்தார். முதல் இழுப்பு.

புகை தொண்டையைக் கீறவில்லை. அவள் கீறலுக்குத் தயாராக இருந்தாள், அது வரவில்லை. லாரிக்காரன் சுருட்டு உள்ளே போகும்போதே அறைந்துவிட்டுப் போகும். இது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வருகிற விருந்தாளி மாதிரி வந்தது. முதலில் ஒரு துவர்ப்பு. அதன் பின்னால் வறுத்த வேர்க்கடலைத் தோலின் வாசனை. புகையை வெளியே விட்டபிறகு நாக்கின் ஓரத்தில் மிளகு இருந்தது. இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்கவைக்கிற அளவுக்கு மட்டும்.

இரண்டாவது இழுப்பை அவள் மெதுவாக இழுத்தாள். எங்கேயும் அடைக்கவில்லை. நெருப்பு ஒரு பக்கமாகச் சரியாமல் வட்டமாக எரிந்தது. காரம் ஏறிற்று, ஆனால் ஓர் இடத்தில் வந்து நின்றுகொண்டது. நடுவாந்தரம் என்று லோகநாதன் சொன்னது பொய் இல்லை. நல்ல சரக்கு. இத்தனை வருஷத்தில் அவள் வாய்க்கு இப்படி ஒன்று வந்ததில்லை.

பம்பை வேகம் பிடித்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முனி வரவில்லை.

முனி வருவது அவளுக்குத் தெரியும். உள்ளங்காலில் எறும்பு ஊறுவதுபோல் தொடங்கி முழங்காலுக்கு ஏறும். அதற்குமேல் நடப்பது அவளுக்குத் தெரியாது, மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்வாள். இன்று கால் வெறும் காலாக மணலில் நின்றது. முழித்துக்கொண்டிருந்தது நாக்கு மட்டும்தான். ருசி பார்க்கிற இடத்தில் சாமிக்கு இடம் ஏது?

கண்ணைத் தாழ்த்தி நுனியைப் பார்த்தாள். சாம்பல் ஒரு விரற்கடைக்கு நின்றது. வெள்ளையாக, வளையம் வளையமாக, கல் மாதிரி. காற்று அடித்தது. உதிரவில்லை. இது தூளைத் திணித்துச் சுருட்டியது இல்லை, முழு இலையை நீளவாக்கில் வைத்துச் சுருட்டியது என்று அவள் வாய்க்குத் தெரிந்துவிட்டது. இதன் சாம்பல் நூல் வரைக்கும் நிற்கும். யார் வாயில் வைத்தாலும் நிற்கும். முனி வந்தாலும் நிற்கும், வராவிட்டாலும் நிற்கும்.

லோகநாதனைப் பார்த்தாள். அவன் கல்லைப் பார்க்கவில்லை, அவளைப் பார்க்கவில்லை. சாம்பலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான், அடுப்பில் பால் வைத்தவன் மாதிரி. ஒரு வாரத்து இருமல் என்னவென்று அவளுக்குப் புரிந்தது. முனியின் வாயில் வைக்குமுன் தன் வாயில் வைத்துச் சரிபார்த்திருக்கிறான்.

தலையை ஒரு உலுக்கு உலுக்கினால் போதும். சாமி ஆடுகிறவள் தலை உலுக்குவதை யார் கேட்பார்கள்? சாம்பல் விழும், வாய்க்கால் பேச்சு ஒழியும். ஆனால் முனி இல்லாத உடம்பை முனி என்று சொல்லி ஆட்ட அவளுக்கு மனம் வரவில்லை. இவன் முனியை ஏமாற்றச் சுருட்டு கொண்டுவந்திருக்கிறான். அதற்குப் பதில் நான் ஊரை ஏமாற்றணுமா? அப்புறம் இவனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?

"நூலுக்கு வந்துடுச்சு!" என்று லோகநாதன் கத்தினான். "தலைவரே, பாத்துக்கோங்க. சாம்பல் நிக்குது. எல்லாரும் பாத்துக்கோங்க!"

நெருப்புக்கும் நூலுக்கும் நடுவே அரிசி நீளம்தான் இருந்தது. குப்பம்மாள் கையைத் தூக்கிச் சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

பம்பை நின்றுவிட்டது. சடையப்பன் கை அந்தரத்தில் இருந்தது.

அவள் அவசரப்படவில்லை. சுருட்டைத் திருப்பினாள். சாம்பலோடு, கனலும் நெருப்போடு, அந்த முனையை வாய்க்குள் விட்டு உதட்டை மூடிக்கொண்டாள். தங்கக் காகிதமும் எச்சில் நுனியும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

குப்பத்துப் பொம்பளைகள் இப்படித்தான் குடிப்பார்கள். ஏரிக் காற்றிலும் படகில் அடிக்கிற தண்ணீரிலும் நெருப்பு அணையாமலிருக்க அதை வாய்க்குள் வைத்துக்கொள்வது அவர்கள் பழக்கம். குப்பம்மாளின் மேலண்ணம் பழகிப் பழகித் தோல்போல் ஆகியிருந்தது. ஆனால் முனி ஆம்பளை. முனிக்கு நெருப்பு வெளியே. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

சாம்பல் நாக்கில் நொறுங்கியது. சூடாக, உப்பில்லாமல், மாவு போல. அவள் பக்கவாட்டில் துப்பினாள். நீறு மணலில் விழுந்தது.

"ஐயோ! சாம்பல் வுழுந்துச்சே," என்றான் சடையப்பன்.

"வுழல. அவங்க துப்பினாங்க!" லோகநாதன் முன்னால் பாய்ந்தான். "அண்ணி, இன்னா பண்ற? நூலு வந்தப்புறம் இது இன்னா ஆட்டம்? கையால தொடக்கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"முனிதான் தொடக்கூடாது. இது நானு."

"இன்னாது?"

"முனி குடிச்சா நெருப்பு வெளிய. நான் குடிச்சா உள்ள. கண்ணு தெரியல ஒனக்கு? முனி வரல. ஆரம்பத்துலேர்ந்து நான்தான் குடிச்சினு இருக்கேன்."

கூட்டத்தில் ஒரு சத்தம் ஓடி அடங்கியது. ரங்கசாமி அவள் அருகே வந்தார். அவர் முகம் கறுத்திருந்தது.

"குப்பம்மா, இன்னா பேசற? வரலன்னா மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"ருசி பாத்தேன் மாமா. நல்லா இருந்திச்சு. பாதியிலதான் தெரிஞ்சுது இவன் இன்னாத்துக்கு கொண்டாந்தான்னு. இதுல சாம்பல் யாரு குடிச்சாலும் நிக்கும். அவன் ஊட்டுலயே வெச்சுப் பாத்துட்டுத்தான் வந்துகிறான். வேணும்னா இன்னொண்ண எடுத்து நீ பத்தவெச்சுப் பாரு. ஒனக்கும் சம்மதம்னு நிக்கும்."

ரங்கசாமி திரும்பி லோகநாதனின் சட்டைப் பையைப் பார்த்தார். அங்கே இன்னும் ஒரு குழாய் துருத்திக்கொண்டிருந்தது. லோகநாதன் அதைக் கையால் மறைத்தான். மறைத்ததுதான் தப்பு. சின்னப்பொண்ணு வாய்விட்டுச் சிரித்தாள்.

"சளி மருந்து இன்னும் மீதி கீதுபா!"

"ஊட்டுக்கு ஒரு வேல," என்றான் லோகநாதன். "ஒங்க எல்லாருக்கும்தான் அலையறேன். இவங்களுக்கு நாலு இறாலுதான் பெரிசு. எனக்கு இன்னா, பேஜாரு புடிச்ச வேல..."

"ஆமா. நாலு இறாலுதான்," என்றாள் குப்பம்மாள். "அதுதான் எனக்குப் பெரிசு. முனி பேரச் சொல்லல. நான் சொல்றேன். முடியாது."

ரங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "முனி வரலன்னா கேள்வியும் இல்ல, பதிலும் இல்ல. வாய்க்கா பேச்சு இத்தோட நிக்கட்டும்," என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "ஆனா ஒண்ணு. நூலு கட்டினத கையால எடுத்துட்ட. இனிமே ஒன் வாயில வெக்கிறதா இல்லியான்னு ஊரு கூடித்தான் முடிவு பண்ணணும்."

"பண்ணுங்க. வரணும்னா அவன் எங்க வரணுமோ அங்க வருவான்."

ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். சடையப்பன் பம்பையைக் கழற்றினான். லோகநாதன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். கம்பெனிக்குப் போய் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"திரும்பக் கேப்போம் அண்ணி. அடுத்த மாசம் கேப்போம்," என்றான். "எப்படியும் கேப்போம்."

"கேளு. நூறு சுருட்டு எடுத்துகினு வா. இந்தச் சரக்குக்கு முனி வரமாட்டான். நான்தான் வருவேன்."

அவள் முனியின் கல்லுக்குப் பக்கத்தில், எப்போதும் யாரும் உட்காராத இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்தாள். கடைசி மூன்றில் ஒரு பங்குதான் பாக்கி. மட்டமான சுருட்டுகள் அங்கே வந்ததும் கசந்துவிடும், புகை சூடாகும், தூக்கி எறியத் தோன்றும். இது கசக்கவில்லை. கருப்பட்டி அடிப்பிடித்தாற்போல் ஒரு கனம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். வாய்க்குள் நெருப்பு அமைதியாக எரிந்தது. சிவப்பு நூல் ஏற்கெனவே பொசுங்கி நாக்கில் ஒட்டியிருந்தது. அதையும் துப்பினாள்.

லோகநாதன் தோப்பு ஓரத்துக்குப் போய்விட்டிருந்தான்.

"டேய் லோகநாதா!" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பினான். ஏதோ நம்பிக்கை அவன் முகத்தில் வந்து போயிற்று.

"பையில இருக்கிறதக் குடுத்துட்டுப் போ. நீ குடிச்சா இருமுவ."