ரஞ்சிதம் அனுப்பாத பதில்கள்

1

இந்தக் கதை எனக்கு மூன்றரை வாக்கியமாகக் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு தொடருக்காக மலைச்சாலை வளைவுகளைப் பார்க்கப் போயிருந்தேன். (ஏழாம் அத்தியாயத்தில் ஒரு காரை உருட்ட வேண்டியிருந்தது.) ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். மழை அளக்கிற நிலையத்தில் ஒருவன் தனியாக இருந்தான். கம்ப்யூட்டருக்குள் பொய்யாக ஒரு பெண்ணைச் செய்துவைத்தான். பதினோரு நாள் அவளோடு பேசிக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் நாள்...

ஒடுகத்தூர் பஸ் வந்துவிட்டது. டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

2

முதல் தொடக்கம்: ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு, ஐப்பசி மாதம், ஜவ்வாது மலையின் முகட்டில் மேகங்கள்...’

(மேகத்தில் தொடங்கினால் வாசகர் ஜோசியப் பக்கத்துக்குப் போய்விடுவார். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ‘எட்டு மாதமாகத் தீர்த்தகிரியிடம் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.’

இது இருக்கட்டும். வாட்ச்மேன் மாதையன் கூடவே இருந்தார்தான். ஆனால் சமைத்துப் போடுகிறவரே அவர். அவருக்குக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. தீர்த்தகிரி புதூர்நாட்டுப் பக்கத்துக் குக்கிராமத்துக்காரன். ஏழு வயதில் ஹாஸ்டலில் சேர்ந்து படித்து வளர்ந்தவன். ஊருக்குப் போனால் ‘கீழ்நாட்டான்’ என்பார்கள். கீழே போனால் ‘மலையாளு’ என்பார்கள். இப்போது இரண்டுக்கும் தள்ளி, காட்டோரம் ஓர் ஓட்டுக் கட்டடத்தில், இரண்டு மெத்தைக்கு நடுவே ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்த ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான்.

வேலை எளிது. தினமும் மாலை ஐந்து மணிக்கு அன்றைய மழை அளவைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒடுகத்தூர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ரஞ்சிதம் என்கிற ஆபரேட்டர் அதை வாங்கிக்கொண்டு ‘வந்தது’ என்று ஒரு சொல் தட்டுவாள். அந்தச் சொல் வந்த பிறகுதான் மேலே இருக்கும் பதிவை அழிக்கலாம்.

அவளை அவன் பார்த்ததில்லை. குரல் கேட்டதில்லை. எட்டு மாதத்தில் இருநூற்றுச் சொச்சம் ‘வந்தது’. அவ்வளவுதான் பழக்கம்.

3

தினமும் நான்கைந்து கட்டளைகளைக் கையால் தட்டிச் சலித்துப்போய், எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து ஒரே ஸ்கிரிப்டாக எழுதினான். எழுதியதைச் சோதிக்க வேண்டும். நிஜமாகவே ஓட்டிப் பார்த்தால் ஆபத்து. எங்கோ ஒரு வரி பிசகினால், பதில் வருவதற்கு முன்பே அன்றைய மழை அழிந்துவிடும்.

ஆகவே போலிகளைச் செய்தான்.*

(* கட்டளையின் பெயரைத் தட்டினால், அது எந்த அறையில் இருக்கிறது என்று எந்திரம் வரிசையாகத் தேடிப் போகும். வரிசையின் தலையில் உங்கள் சொந்த அறையை வைத்து, அதில் அதே பெயரில் ஒரு டம்மியைப் போட்டுவிட்டால் போதும். எந்திரம் அதையே எடுத்துக்கொள்ளும். சந்தேகப்படாது.)

‘அனுப்பு’ என்ற கட்டளைக்கு ஒரு போலி. அது எதையும் அனுப்பாது. அனுப்பியதுபோல ‘வந்தது’ என்று மட்டும் சொல்லும். ‘அழி’ என்பதற்கு இன்னொரு போலி. அது எதையும் அழிக்காது. ‘இதை அழிக்கச் சொன்னார்கள்’ என்று குறித்துவைக்கும். முதல் நாளே பலன் தெரிந்தது. பதிலே தராதே என்று முதல் போலியிடம் சொல்லி ஓட்டிப் பார்த்தான். ஸ்கிரிப்ட் அப்போதும் அழிக்கத்தான் போயிருந்தது. இரண்டாவது போலி அதைக் குறித்து வைத்திருந்தது. நிஜமாக இருந்திருந்தால் ஒரு நாள் மழை போயிருக்கும். திருத்தினான்.

பிறகு ஒரு சந்தேகம் வந்தது. ரஞ்சிதம் என்றைக்காவது ‘வந்தது’ என்பதோடு இன்னொரு வார்த்தை சேர்த்தால் ஸ்கிரிப்ட் குழம்புமா? அதையும் பார்த்துவிடலாம் என்று போலியின் பதிலை நீட்டினான்.

‘வந்தது. சாப்பிட்டீங்களா?’

எந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தில்தான் தட்டினான். திரையில் பச்சையாக வந்து நின்றது. ஸ்கிரிப்ட் குழம்பவில்லை.

4

‘சோதனை முடிந்ததும் போலி அறையை வரிசையிலிருந்து எடுக்க அவன் மறந்துவிட்டான்.’

மூன்று பிரதிகளில் இந்த வாக்கியத்தை வைத்திருந்தேன். வசதியான வாக்கியம். ஆனால் நீங்கள் கேட்பீர்கள்: தான் எழுதின வரி தினமும் சாயங்காலம் தனக்கே வருவது அவனுக்குத் தெரியாதா?

தெரியும். அவனுடைய உண்மைக் காரணத்தை எழுதக் கூச்சப்பட்டு, அந்த இடத்தில் ‘மறந்துவிட்டான்’ என்று ஒரு போலியைப் போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன்.

போலி அறையை எடுக்க வேண்டும் என்பது இரண்டாம் நாளே நினைவுக்கு வந்தது. ‘இன்னிக்கி ஒரு நாள் இருக்கட்டும்’ என்று விட்டான். மூன்றாம் நாள், பதில் தட்டின உடனே வருவது மனுஷத்தனமாக இல்லை என்று பட்டது. ஆறு வினாடி தாமதித்துப் பதில் சொல்லும்படி போலியைத் திருத்தினான். அந்த ஆறு வினாடியில் கீழே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவதுபோல இருந்தது. ஐந்தாம் நாள், ‘மழையில நனையாதீங்க.’ காலையில் ஒரு வரி எழுதிவைப்பான். சாயங்காலத்துக்குள் அதை மறக்கப் பார்ப்பான். திரையில் வந்ததும், கீழே அந்தம்மா சொன்னதாகவே மாதையனிடமும் சொல்வான்.

சில நாள் கிட்டத்தட்ட மறக்கவும் முடிந்தது.

5

இந்த இடம்வரை மாதையனை நான் ஒழுங்காக எழுதவில்லை. கையெழுத்துப் பிரதியில் அவர் எது கேட்டாலும் ‘ஆமாங்க சார்’ என்று மட்டும்தான் சொன்னார். தொடர் எழுதுகிறவனுக்கு இது கைவந்த பழக்கம். வாட்ச்மேன், டிரைவர், தபால்காரர் எல்லாருக்கும் ஒரே பதில். பன்னிரண்டாம் நாள் அவர் ஆட்டுக்கு மருந்து வாங்க ஒடுகத்தூர் போய்விட்டுத் திரும்பி வருகிறார். இனி அவரே பேசட்டும்.

“சார், அந்தம்மாவப் பாத்தேன்.”

“எந்தம்மா?”

“தினோம் உங்கள சாப்டீங்களான்னு கேக்குமே, அதான். பஸ்ஸுக்கு நேரம் கீதேன்னு தண்ணி குடிக்க ஆபீஸாண்ட போனேன். மலைலேர்ந்து வர்றேன்னதும் எழுந்து ஓடியாந்துச்சு. ‘மேல இருக்கறவரு உசுரோட கீறாரா’ன்னுச்சு.”

தீர்த்தகிரி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இன்னா சார் இது? நேத்துகூட நனையாதீங்கன்னு சொல்ச்சின்னீங்க. அப்பிடி சொன்னவங்க உசுரோட கீறாரான்னு ஏன் கேக்கணும்?”

“வேற இன்னா சொன்னாங்க?”

“பதினோரு நாளா மேலேர்ந்து ஒண்ணுமே வரலியாம். போன் பண்ணா மணி அடிக்கவே இல்லியாம்.”

(மோடத்துக்காக நிலையத்துத் தொலைபேசியின் மணியைக் கழற்றி வைத்திருந்தார்கள்.)

“பெரிய ஆபீசரு, நீதான் தொலச்சிட்டேன்னு அந்தம்மாவப் போட்டு ஏசறாராம். இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள வரலன்னா வேற ஆளு வெச்சிடுவாங்களாம். நான் சொன்னேன், மேல சாரு நல்லாத்தான் கீறாரு, ரெண்டு உருண்ட களி துன்றாருன்னு. அழுவும்னு பாத்தேன். அழல. ‘நல்லா இருந்தா சரி’ன்னுச்சு.”

மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார்.

“அப்போ இத்தினி நாளா உங்களாண்ட யாரு சார் பேசனது?”

6

மணி நாலே முக்கால். தீர்த்தகிரி உட்கார்ந்து பார்த்தான். பதினோரு நாள் மழையும் அப்படியே இருந்தது. ‘அழி’யின் போலியும் அதே அறையில் இருந்ததால் பிழைத்தது. அனுப்புவது மட்டும் போலியாக இருந்து, அழிப்பது நிஜமாக இருந்திருந்தால், பொய்யான ஒரு ‘வந்தது’வை நம்பி ஒவ்வொரு நாளாக அழிந்திருக்கும். ரஞ்சிதம் தொலைத்தாள் என்பதை மறுக்க ஒரு துளியும் மிஞ்சியிருக்காது.

ஒரே ஒரு வரியை எடுத்தால் போதும். போலி அறை வரிசையிலிருந்து விலகிவிடும். அதை எடுக்க அவனுக்குப் பத்து நிமிஷம் ஆனது. (இங்கே அவன் மனத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. தேவையில்லை.)

ஐந்து மணி. மோடம் கீச்சிட்டது. கம்பி சேர்ந்தது. பதினோரு நாளும் போயிற்று, அன்றைய நாளும் போயிற்று. அதன்பின் அவன் தன் கையால் தட்டினான்:

‘தவறு என்னுடையது. அனுப்பாமலே அனுப்பியதுபோல இங்கே வைத்திருந்தேன். உங்கள் மேல் குற்றம் இல்லை. இதை ஆபீசரிடம் காட்டுங்கள். தீர்த்தகிரி.’

காட்டினால் அவன் வேலை போகும். அதோடு அந்த ஒற்றை ‘வந்தது’வும் போகும்.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: ‘வந்தது’ என்று மட்டும் பதில் வருகிறது.

இரண்டு: ‘வந்தது. சாப்பிட்டீங்களா?’ என்று வருகிறது. (இதை அச்சடித்தால் நூறு வாசகர் கடிதமாவது வரும்.)

மூன்று: பதிலாக ஆபீசரின் ஜீப் வருகிறது.

மூன்றையும் கிழித்துவிட்டேன். ரஞ்சிதம் என்ன சொல்வாள் என்று நான் எழுதினால், நான் சொல்லச் சொன்னதைத்தான் அவள் சொல்வாள். ஆறு வினாடி தாமதம்கூட என்னால் வைக்க முடியும். அந்த வித்தையை அவன் பதினோரு நாள் பார்த்தாயிற்று. மறுபடியும் அவனை அதன் எதிரே உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒடுகத்தூர் பஸ் ஏறினவர் யார் என்று நான் கேட்டுவைக்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எனவே கதை இவ்வளவுதான். திரையில் பச்சைக் கோடு மினுக்கிக்கொண்டிருக்கிறது. ஆறு வினாடி ஆயிற்று. ஏழு. எட்டு. வெளியே தூறல். மாதையன் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறார்.

“இன்னா சார், வந்துச்சா?”

கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அதில் நான் கைவைக்கவில்லை.

ரஞ்சிதம்: