யோசிக்க ஒரு நிமிஷம்

யோசித்துப் பார்க்க ஒரு நிமிஷம் வேண்டுமா? புனேயில் அதன் விலை நாலு ரூபாய் இருபது காசு.

விலை போட்டவர் ரங்கராஜன். வீட்டில் வைத்த பேசும் பெட்டியிடம் "அரிசி அனுப்பு" என்றால் மளிகை வந்து இறங்குமே, அந்தக் கம்பெனியின் மேலாளர். வாங்குகிறவர் மனசு மாறட்டும் என்று ஒவ்வொரு ஆர்டரையும் ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்தால், வண்டியும் ஆளும் சும்மா நிற்கிற செலவு அது.

பெட்டி காதால் கேட்டதைப் போனில் காட்டும் திரைகளை வரைவது ஸ்ரீவத்சனின் வேலை. சாமான் பட்டியல், மொத்தம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'வேண்டாம்' பொத்தான், மேலே அறுபதிலிருந்து இறங்கும் எண். எண் பூஜ்யத்தைத் தொட்டால் பணம் போய்விடும். பதினோரு தடவை வரைந்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் நிறத்தைப் பாராட்டிவிட்டு ரங்கராஜன் அந்த நிமிஷத்தில் கை வைப்பார். ஸ்ரீவத்சனுக்கு இப்போது கோபம்கூட வருவதில்லை, கொட்டாவி வருகிறது. ஆனாலும் அந்த ஒன்றை மட்டும் விட மனசில்லை.

"ஒரு வீட்ல போய்ப் பாத்துடலாம் சார். அப்புறம் நீங்க சொல்றதுதான்" என்றான்.

புனேயை ஒட்டிய கட்கியில், பெட்டியைச் சோதனைக்கு வாங்கி வைத்திருந்த கனகவல்லி வீட்டுக்குப் போனார்கள். புருஷன் வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்றவர். அவள் குக்கரைப் பார்த்துக்கொண்டே பெட்டியிடம் ஒப்பித்தாள்: அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், முந்திரி, நெய், பிஸ்கட், காபித்தூள், அப்பளம். ரங்கராஜன் முகம் மலர்ந்தது.

"மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பத்து ரூபாய்" என்றது பெட்டி. போனில் எண் இறங்கத் தொடங்கியது.

"அடேங்கப்பா!" கனகவல்லி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "முந்திரி யாருக்கு? போ. நெய்யும் போ." கொஞ்சம் நின்றாள். "காபித்தூள்... டப்பாவுல ரெண்டு நாளைக்கு இருக்குமா? இருக்கும். போ. பிஸ்கட், அப்பளம், ரெண்டும் போ."

எண் ஆறில் இருந்தது. மொத்தம் அறுநூற்றுப் பத்து.

"வேணாம்னா ஏம்மா சொன்னீங்க?" ரங்கராஜன் குரலில் உண்மையான வலி.

"சொன்னாத்தான சார் கூட்டு எவ்ளோன்னு தெரியும்? கூட்டு தெரிஞ்சாத்தான் எத வெட்டறதுன்னு தெரியும். மொதல்ல சொல்றது கேக்கறதுக்கு. வெட்டுனப்புறம் நிக்குது பாருங்க, அதுதான் வாங்கறதுக்கு."

"சொன்ன உடனே பணம் போயிட்டா?"

"பொட்டியோட பேச்ச விட்டுட்டு முனையில இருக்கற கிரானா மளிகைக் கடைக்குப் போவேன். அந்த மராட்டிக்காரரு நான் வெட்டி முடிக்கற வரைக்கும் பேனாவ மூடவே மாட்டாரு."

திரும்பும் காரில், போபோடி சிக்னல் வந்ததும் ரங்கராஜன் ஆரம்பித்தார்.

"ஒரே நிமிஷத்துல ஐந்நூறு ரூபாய் போச்சு வத்சா. நீயே பாத்த."

"நிமிஷம் இல்லேன்னா மிச்ச அறுநூத்துப் பத்தும் கடைக்காரருக்குப் போயிருக்கும் சார். அதையும் பாத்தீங்க."

"சரி, பத்து செகண்ட் தரேன்."

"பத்து செகண்ட்ல அந்தம்மா கைகூடத் துடைக்க முடியாது. அறுபது."

"பதினஞ்சு."

"அம்பத்தஞ்சு."

"இருபது. அதுவும் உன் முகத்துக்காக."

பேரத்தில் பெரிய ஆயுதம் எழுந்து போவது. ஓடுகிற காரில் எங்கே எழுந்து போவது? நாற்பதுக்கு இறங்கினான். ரங்கராஜன் ஜன்னல் பக்கம் திரும்பி, "இன்னிக்கே முடிச்சுடு. பன்னண்டாவது தடவைன்னு வராதே" என்றார். அந்த ஒரு சொல்லில் ஸ்ரீவத்சனின் முதுகு சீட்டில் சரிந்தது.

"இருபத்தஞ்சு" என்றான்.

"டன்" என்றார் அவர், அவ்வளவு வேகமாக. முப்பதுக்கும் படிந்திருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

லேப்டாப்பை மடியில் திறந்து அறுபதை அழித்து இருபத்தைந்து போட்டான். கனகவல்லி எதை எந்த வினாடியில் வெட்டினாள் என்று போனில் பதிவான கணக்கையும் பார்த்தான். இருபத்தைந்தாவது வினாடியில் அவள் காபித்தூளை வெட்டலாமா என்று யோசித்து நின்றிருந்தாள். அந்த வினாடியிலேயே பணம் போயிருந்தால் முந்திரி நூற்றுப் பத்து, நெய் நூற்றெழுபது: அவளுக்கு மிச்சம் இருநூற்று எண்பது. காபித்தூள் நூற்று முப்பது, பிஸ்கட் நாற்பது, அப்பளம் ஐம்பது: இருநூற்று இருபது ரூபாய், அவள் தலையில்.