மந்திரி போன வழி

ஐஸ் பெட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்ட நாயை ஜெகதீசன் இடுப்பைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. முன்னங்கால்களைப் பரப்பித் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. பெட்டி ஆடியதில் மேலே போட்டிருந்த ரோஜா மாலை சரிந்து அவர் தோளில் இதழ்கள் உதிர்ந்தன. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒரு கணம் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னாடா இது," என்றாள் அவருடைய அக்கா அம்சா. "பொணம் வச்சிகீற எடத்துல நாயி சுத்திகினு கீது. எங்கனா கொண்டுபோயி கட்டுடா."

"கட்டித்தாங்க்கா வச்சிருந்தேன். உருவிகினு வந்துடுச்சி."

நாய் தானாகவே தலையை வெளியே எடுத்தது. பெட்டியின் விளிம்பை ஒருமுறை முகர்ந்தது. கண்ணாடிக்குள் மஞ்சள் பூசிய முகத்தோடு அவர் மனைவி சுஜாதா படுத்திருந்தாள். அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு செய்ததுபோலத் திரும்பி, காதுகள் தரையைப் பெருக்க, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களுக்கு நடுவே மூக்கை ஓட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனது. அங்கிருந்து குளியலறை. அங்கிருந்து படுக்கையறை. மறுபடி கூடம். நேற்று சாயங்காலத்திலிருந்து இதேதான். நகங்கள் டைல்ஸில் டக்டக்கென்று நடந்துகொண்டே இருந்தன.

ஜெகதீசனாலும் உட்கார முடியவில்லை. நாற்காலிகளை வெயிலிலிருந்து நிழலுக்கு இழுத்துப் போட்டார். தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்தார். பந்தல்காரனிடம் ஏற்கெனவே சொன்னதையே மறுபடி சொன்னார். நின்றால் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பிடி ஆச்சி?" என்று கேட்டார்கள்.

எப்படி ஆயிற்று என்று அவருக்கும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அவர் ஒரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறவர். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பதாகும். நேற்று காலை ஏழு மணிக்கு சுஜாதா சமையலறையில் விழுந்திருக்கிறாள். நாய் விடாமல் ஊளையிட்டதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு ஷபானா ஓடிவந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே கையை விரித்துவிட்டார்கள். போன் வந்தபோது பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரையும் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டுவிட்டுத்தான் அவர் வந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவரையே கேட்டால் சொல்லத் தெரியாது. இறக்கிவிட வேண்டியவர்கள் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது.

நாய், சுஜாதாவின் நாய். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவள் வேலை பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு குடும்பம் கனடாவுக்குக் கிளம்பியது. அவர்கள் விட்டுவிட்டுப் போன நாயை ஷேர் ஆட்டோவில் மடிமேல் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள்.

"காலெல்லாம் எங்க வுட்டுட்டு வந்துச்சி?" என்றுதான் ஜெகதீசன் கேட்டார்.

பேஸட் ஹவுண்ட் என்றாள். பிரான்ஸில் முயல் மோப்பம் பிடிக்க வளர்த்த ஜாதி என்றாள். குட்டைக் கால், நீள உடம்பு, தொங்கிப்போன கண், முழங்கால்வரை வழியும் காது. "மூஞ்சியப் பாருங்க, எலெக்‌ஷன்ல தோத்த மந்திரி மாதிரியே கீது." அன்றிலிருந்து அது மந்திரி. சாப்பிடும்போது காது இரண்டும் சோற்றில் ஊறும் என்று தன் தலைமுடிப் பட்டையை அதன் தலையில் மாட்டிவிடுவாள். வாரம் ஒருமுறை காதுக்குள் பஞ்சு விட்டுத் துடைப்பாள். கீழே மூக்கை வைத்துவிட்டால் இடி இடித்தாலும் அதற்குக் காது கேட்காது என்று சொல்லிச் சிரிப்பாள். அவரிடம் அவள் பேசியதில் பாதி மந்திரியைப் பற்றித்தான் இருக்கும். தூக்கம் கண்ணைச் சுழற்ற, சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் "ம்" போடுவார்.

பன்னிரண்டரைக்கு மகள் ஸ்ரீதேவியிடமிருந்து போன் வந்தது. ஹைதராபாதிலிருந்து வந்து இறங்கிவிட்டாள். ஏர்போர்ட்டிலிருந்து கேளம்பாக்கம் வீட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம். மூன்று மணிக்கு எடுத்துவிடலாம் என்று அம்சாவின் கணவர் அருணகிரி வந்தவர்களிடமெல்லாம் அறிவித்தார்.

ஒன்றரை மணி வாக்கில்தான் ஜெகதீசனுக்கு வீட்டில் ஏதோ குறைந்ததுபோல இருந்தது. அழுகை இருந்தது, மோளம் இருந்தது. நகச் சத்தம் இல்லை.

சமையலறையில் இல்லை. குளியலறையில் இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பின்கதவு திறந்து கிடந்தது.

"நாயி எங்க?"

"போயித் தொலையட்டும் வுடு," என்றாள் அம்சா.

அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அம்சா எழுந்து வந்து வழியை மறித்தாள். "டேய், கொள்ளி வைக்கிறவன் நீ. பொண்டாட்டிய நடுவூட்ல போட்டுட்டு நாயத் தேடிகினு போவியா? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"இதோ வந்துட்றேங்க்கா."

"மச்சான், நில்லுப்பா," என்று அருணகிரி கூப்பிட்டது பின்னால் கேட்டது.

தெருமுனையில் வலப்பக்கம் போனால் ஜங்ஷன், பஸ், லாரி. இடப்பக்கம் கோவளம் ரோடு. எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார். டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் கேட்காமலேயே கையைக் காட்டினார். "காதால ரோட்டப் பெருக்கிகினு போச்சே, அதானே? இப்பிடித்தான் போச்சி. கூப்புட்டேன், திரும்பல."

வெயிலில் ரோடு வெள்ளையாக இருந்தது. வீடுகள் முடிந்து இரண்டு பக்கமும் உப்பளம் விரிந்தது. தார் கொதிக்கும் இந்த ரோட்டில் அந்தக் கால்களோடு எவ்வளவு தூரம்தான் போயிருக்கும்? ஓரத்தில் கறுப்பாக எதைப் பார்த்தாலும் வண்டியை மெதுவாக்கினார். ஒன்று கிழிந்த டயர். ஒன்று சாக்கு. அதைத் தாண்டிய பிறகுதான் தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

பாலத்தின் தொடக்கத்தில் மந்திரி இருந்தது. குடை நட்டு, அலுமினியப் பாத்திரத்தில் இறாலும் நண்டும் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில், ஒரு சிமென்ட் கட்டையை முகர்ந்து முகர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

"மந்திரி!"

நாய் திரும்பவில்லை. அந்தப் பெண்தான் திரும்பினாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கைகள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தம்மா வூட்டுக்காரரா நைனா நீ? பஸ்ஸு ஓட்றவரு?"

"ஆமா."

"அதான பாத்தேன். நான் காசியம்மாள். மந்திரி ஒண்டியா வருதேன்னு நெனச்சேன். தண்ணி வச்சேன், குடிக்க மாட்டேங்குது. டெய்லி சாயங்காலம் ரெண்டு பேரும் வந்து இந்தக் கட்டையிலதான் குந்துவாங்க. முந்தாநாளு வந்தாங்க. நேத்து காணம்."

டெய்லி. இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்து, தினமும் ஒரு கட்டையில் உட்கார்ந்திருக்கிறாள். சொல்லியிருப்பாள். 'ம்' போட்டிருப்பார்.

"ஒடம்பு சரியில்லையா?" காசியம்மாள் ஈயை விரட்டிக்கொண்டே கேட்டாள். "போன மாசம் இங்கியே வேர்த்து ஊத்திடுச்சி நைனா. தோள்பட்டையப் புடிச்சிகினு குந்திட்டாங்க. எனுக்கு பேஜாராப் பூடுச்சி. மறுநாளு, வூட்டுக்காரருகிட்ட சொன்னியாம்மான்னு கேட்டேன். சொன்னேன், கேஸுன்னாரு, சோடா வாங்கியாந்து குடுத்தாருன்னு சிரிச்சாங்க."

ஜெகதீசன் பாலத்துக்குக் கீழே பார்த்தார். ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. முட்டுக்காடு பக்கத்திலிருந்து கடல் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

சோடா. பன்னீர் சோடா. பஸ்ஸை ஷெட்டில் விட்டு வரும்போது வாங்கி வந்தார். அவள் பாதி குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். "பாத்தியா, போயிடுச்சி" என்று அவர்தான் சொன்னார். அவள் மீதிப் பாதியை அவரிடம் நீட்டினாள்.

"கேஸு இல்ல நைனா அது. எங்க வூட்டுக்காரருக்கும் அப்பிடித்தான் வந்துச்சி. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

"ம்."

"இப்ப எங்க, வூட்லதான் கீறாங்களா?"

அவர் வாயைத் திறந்தார். நேற்றிலிருந்து எத்தனையோ பேர் அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

"வூட்லதான் கீறா," என்றார்.

"நான் கேட்டன்னு சொல்லு."

தலையாட்டிவிட்டு நாயின் நெஞ்சுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கினார். பின்பாரம் தொங்கியதும் அது வலியில் கத்தியது.

"ஐய, அப்பிடித் தூக்கக் கூடாது. முதுகு பூடும். ஒரு கைய பின்னாடி குடு. அந்தம்மா அப்பிடித்தான் தூக்குவாங்க."

ஒரு கையைப் பின்னால் கொடுத்தார். இருபத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கும். அந்தப் பாரம் நெஞ்சில் சாய்ந்தது. எச்சில் அவர் கழுத்தில் வழிந்தது. அதன் இதயம் அவர் விலாவில் படபடவென்று அடித்தது. ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் அதை இறக்கி, இரண்டு பக்கமும் முழங்காலால் அணைத்துக்கொண்டார். ரோடு முழுவதும் அது தலையைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தது.

வீட்டு வாசலில் ஸ்ரீதேவியின் பெட்டி இருந்தது. தோளில் பையைக்கூடக் கழற்றாமல் அவள் படியில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"எங்கப்பா போன? நான் வர்றப்ப நீ இல்ல."

அவர் ஸ்டாண்டு போட்டார். கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஸ்ரீதேவி நாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா ஏதாவது சொன்னாங்களாப்பா? வலிக்குது, ஒரு மாதிரி இருக்குன்னு? எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலயே. உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

மோளம் அடித்துக்கொண்டிருந்தது. அவர் மகளின் தோளிலிருந்து பையைக் கழற்றினார். பட்டை அழுத்திய இடத்தில் சிவந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டார்.

"ஏதாவது சாப்பிட்டியாம்மா?"

ஸ்ரீதேவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

கூடத்தில் அம்சா பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "வண்டி தெருவத் தாண்டுனதும் ஆரம்பிச்சிடுங்க. ஒரு ரூம் வுடக் கூடாது. தண்ணி ஊத்தி, பினாயில் போட்டுத் தேச்சிடணும். அவ படுத்த பாயி, தலகாணி, கட்டியிருந்த துணி எல்லாத்தையும் சுருட்டி வெளிய போட்டுடுங்க."

மந்திரி அவருடைய காலைச் சுற்றிக்கொண்டு மறுபடி தொடங்கியது. சமையலறை. குளியலறை. அவர் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்துப் படுக்கையறைக்கு அழைத்துப்போனார்.

கட்டிலில் யாரோ பைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். கீழே, சுவர் ஓரமாக, அவள் படுக்கும் பாய் நேற்று விடியற்காலையில் கிடந்தபடியே கிடந்தது. தலையணை. மடிக்காத போர்வை. ஜன்னலில் ஒரு நைட்டி. நாய் பாயின் ஒரு மூலையில் மூக்கை வைத்து மெதுவாக மறு மூலைவரை போனது. தலையணையில் நின்றது. ஜெகதீசன் ஜன்னலிலிருந்து நைட்டியை எடுத்தார். ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டுத் தலையணைமேல் போட்டார். கட்டிலில் இருந்த பைகளைத் தூக்கிக் கூடத்தில் வைத்தார். திரும்பி வந்து, நாயை உள்ளேயே விட்டு, வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். பூட்டினார்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குளிப்பாட்டினார்கள். சுஜாதாவின் அண்ணன் செய்யூரிலிருந்து கொண்டுவந்திருந்த கோடிப் புடவையைப் போர்த்தினார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். அரிசி போடச் சொன்னார்கள், போட்டார். வாயில் போடும்போது இரண்டு அரிசிமணி அவள் உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிடக் கை போனது. நேரமாகுது என்று அதற்குள் அவரை நகர்த்திவிட்டார்கள்.

வண்டியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே அருணகிரி. ஸ்பீக்கரில் சங்கு ஊதியது. ஜங்ஷனில் சிக்னல் விழுந்து வண்டி நின்றது. ஒரு கம்பெனி பஸ் பக்கத்தில் வந்து நின்றது. அதன் டிரைவர் அவரை அடையாளம் கண்டுகொண்டு தொப்பியைக் கழற்றினார்.

சுடுகாட்டை நெருங்கும்போது அருணகிரியின் போன் அடித்தது. கேட்டுவிட்டு நீட்டினார். "ஒங்கக்கா."

"டேய், ரூம்பு பூட்டிகீது," என்றாள் அம்சா. "உள்ள நாய வுட்டுட்டுப் போயிட்டியா? மொதல்ல கதவப் பிராண்டிகினு கெடந்துச்சி. இப்ப சத்தமே காணம். வூடு பூரா கழுவியாச்சி, அது ஒண்ணுதான் பாக்கி. சாவி எங்க?"

சாவி அவருடைய வேட்டி மடிப்பில் இருந்தது. வண்டி ஆடியபோதெல்லாம் இடுப்பில் குத்தியது.

"தெரியலையேக்கா," என்றார்.

"தெரியலைன்னா இன்னாடா அர்த்தம்? நல்லா யோசன பண்ணிப் பாரு."

அவர் யோசிப்பதுபோல இருந்தார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம், குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் நிறைந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது.