கிராஸ் மேஜர்

என் வீட்டுக்காரருக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். ஆனால் வருஷக்கணக்காகப் பவர்லூம் ஷெட்டிலேயே இருப்பதால், யார் பேசினாலும் வாயசைவைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தானே போட்டு நிரப்பிக்கொள்வார். ஆரணியில் தறிக்காரர்கள் எல்லாருமே கொஞ்சம் இப்படித்தான். நான் "தயிர் இல்ல" என்றால் இவர் "தறி ஓடிகினுதான கீது" என்பார். பச்சையப்பன் என்று பெயர்.

எங்கள் பெண் பானுப்ரியா இந்த வருஷம் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தாள். அடுத்து எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, அப்புறம் செய்யாறு கம்பெனி ஏதாவது ஒன்றில் லேப் வேலை, தெருமுனைக்கே வருகிற கம்பெனி பஸ் என்று இவர் எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருந்தார். அவளோ புதுச்சேரியில் எம்.ஏ. மொழியியலுக்குப் பரீட்சை எழுதி இடமும் வாங்கிவிட்டாள். ஒரே தமிழை ஆரணியில் ஒருமாதிரியும் மதுரையில் வேறுமாதிரியும் ஏன் பேசுகிறோம் என்று ஆராய்கிற படிப்பாம். கேட்கவே எனக்குக் குஷியாக இருந்தது. அவருக்கு இல்லை.

"மூணு வருசம் ஆசிட்ட வெச்சிகினு படிச்சிட்டு, இப்போ பேசறதுக்குப் படிக்கப் போறியா? உனக்குப் பேச வராதுன்னு யார்னா சொன்னாங்களா?" என்றார்.

கோடை முழுக்க இதே பாட்டு. அவர் சரி என்று சொல்லாமல் போக மாட்டேன் என்று இவள். சொல்ல மாட்டேன் என்று அவர். திங்கட்கிழமை சேராவிட்டால் இடம் போய்விடும். இரண்டு பேருக்கும் நடுவில் சோறு போட்டே எனக்குப் பேஜாராகிவிட்டது.

சனிக்கிழமை காலை அவளுடைய வகுப்புத் தோழன் சார்லி போன் செய்தான். அவனும் கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு அதே புதுச்சேரியில் சமூகப்பணி படிக்கப் போகிறான். இப்படிப் பாடம் மாறிப் படிப்பதற்குக் 'கிராஸ் மேஜர்' என்று பெயர், நிறையப் பேர் படிக்கிறார்கள் என்று டீச்சராக இருக்கும் அவன் அம்மா சொன்னாராம். பெயர் இருக்கிற விஷயமென்றால் அப்பா பயப்பட மாட்டார் என்று பானு நேரே ஷெட்டுக்குப் போனாள். டீ எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். தறிகள் ஓடுகிற ஓட்டத்தில் காது அடைத்தது.

"அப்பா, இது கிராஸ் மேஜர்ப்பா. சார்லியும்தான் பண்றான். நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா போறோம். நீ சரின்னு சொல்லு" என்று கத்தினாள்.

அவர் தறிகளை நிறுத்தினார். பானு பிறந்த அன்றைக்குக்கூட நிறுத்தாத மனிதர். டீயைத் தொடவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்கும் வரவில்லை. சாயங்காலம்தான் வந்தார், முகம் சுருங்கிப்போய், கையில் ஒரு சுருள் வெள்ளைப் பட்டு நூலோடு.

"பானு, இங்க வாம்மா. அவங்க கல்யாணத்துல வெள்ளதான் கட்டுவாங்களாமே? நூல் கடையில விசாரிச்சிகினு வந்தேன். வெள்ளப் பட்டுல சன்னமா ஜரிகை போட்டு நானே நெய்யறேன். அந்தப் பையன் ஊட்ல ஒத்துக்குவாங்களா?"

"யாருக்குப்பா கல்யாணம்?"

"நீதானம்மா சொன்ன. சார்லியோட கிராஸ் மேரேஜின்னு."

நான் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கிராஸ் என்றால் சிலுவை, மேஜர் மேரேஜாகிவிட்டது, கூடவே சார்லி. மனிதர் களம்பூர் ரோட்டில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, சர்ச் கல்யாணத்தையே மனசுக்குள் நடத்தி முடித்து வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

பானு சிரிக்கவில்லை. "அதுக்கு ஒத்துகினு வந்தியாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்போ படிப்புக்கு மட்டும் ஏன் மாட்டேன்னு நிக்கற?"

அவர் நூலைத் தடவிக்கொண்டே இருந்தார். "கல்யாணத்துக்கு நான் மாட்டேன்னா நீ பூடுவ. அப்பறம் வரவே மாட்ட. படிப்புக்கு மாட்டேன்னா இங்கயே இருப்ப. நீ எந்தப் பாடத்தப் படிச்சா எனக்கென்னாம்மா? ஊட்லேர்ந்து பஸ்ல போய்ட்டு வரணும். அவ்ளோதான்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆசிட், லேப், வேலை என்று இத்தனை நாள் வீடே இரண்டுபட்டதில் கெமிஸ்ட்ரி என்பது கொஞ்சமும் இல்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

பானு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நான் போவணும்ப்பா" என்றாள்.

"தெரியும்மா" என்றார். அப்புறம் நூல் சுருளை அவள் மடியில் வைத்துவிட்டு, "போ. ஆனா வந்துகினு இரு" என்றார்.