தலைக்கறிப் பங்கு

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு மானின் தலைக்கறி தின்ன ஆளில்லாமல் ஆறிப்போன கதையைச் சொல்கிறேன்.

தீர்த்தமலைப் பக்கம் காட்டோரத்தில் ஓர் ஊர். பொங்கல் கழிந்ததும் ஆண்கள் எல்லோரும் வேட்டைக்குப் போவார்கள். கறி வீட்டுக்கு ஒரு பங்கு. தலை மட்டும் முதல் குத்து குத்தியவனுக்கு. அதை வாங்கியவனுக்கு அந்த வருஷம் முழுக்கத் தனி மரியாதை.

எழுபத்தைந்தாம் வருஷப் பொங்கலுக்கு முன்பே தண்டோரா போட்டிருந்தார்கள். புதுச் சட்டம் வந்துவிட்டது, காட்டு விலங்கைக் கொன்றால் ஜெயில் என்று. நிலபுலன் உள்ள நஞ்சப்பன் சிரித்தார்.

"டெல்லியில சட்டம் போட்டவன் இங்க வந்து மானை எண்ணிக்கிட்டா இருக்கப் போறான்?"

எண்ணவும் அங்கே அதிகமில்லை. ஊரே திரண்டு பொழுது சாயும்வரை காட்டை வளைத்தும் ஒரே ஒரு புள்ளிமான்தான் வந்தது. நஞ்சப்பனின் ஈட்டி முதலில் பாய்ந்தது. மாலை போட்டுத் தலையைக் கொடுத்தார்கள். உரித்துக் கொடுத்த ஆண்டிக்குத் தோல். ஆண்டி ஊர் ஆடுகளை மேய்க்கிறவன்.

மறுநாள் காலையில் காட்டிலாகா ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். ஆண்டி வீட்டு வேலியில் தோல் காய்ந்துகொண்டிருந்தது. ஊரையே கூட்டி நிறுத்திவிட்டார்.

"யார்யா குத்தினது?"

ஆண்டி நஞ்சப்பனைப் பார்த்தான். நஞ்சப்பன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாந்தானுங்க" என்றான் ஆண்டி. ஜீப்பில் ஏற்றி அரூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நஞ்சப்பன் வீட்டுக்குள் நுழைந்தபோது, மனைவி செல்லம்மாள் அடுப்பிலிருந்து கறிச்சட்டியை இறக்கித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி தூக்கிட்டுப் போற?"

"ஆண்டி வூட்டுக்கு. குத்துனவனுக்குத்தான தலை? குத்துனேன்னு அவன் சொன்னான். நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான நின்னீங்க?"

"மெதுவாப் பேசு. மானம் போவுது."

"அது ஜீப்பு ஏறிப் போயிருச்சுங்க."

அவள் தெருவில் நடந்தாள். தடுக்கவும் முடியாமல், விட்டுவிடவும் முடியாமல் அவர் பின்னாலேயே போனார். வாசல்தோறும் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

ஆண்டியின் மனைவி முனியம்மாள் சட்டியைக் கையால்கூடத் தொடவில்லை.

"எங்க வூட்டுக்காரரு குத்தலீங்களே அக்கா. அடுத்தவங்க பங்கு எங்களுக்கு எதுக்குங்க?" குரலில் கோபமே இல்லை. பிறகு நஞ்சப்பனைப் பார்த்தாள். "அண்ணன் வெயில்ல நிக்கிறாரே, தண்ணி கொண்டாரட்டுங்களா?"

திட்டியிருந்தால் அவர் பதிலுக்குத் திட்டிவிட்டு வீடு திரும்பியிருப்பார். அந்தத் தண்ணீரை வாங்கிக் குடிக்க அவருக்குக் கை வரவில்லை. அங்கிருந்தே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

அரூர் ஆபீஸில் ரேஞ்சர் முன்னால் போய் நின்றார். "நாந்தாங்க குத்துனது. அவன விட்ருங்க." பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு, தடங்கல் இல்லாமல் வந்தது.

"சரி. அவன் பழியை ஏத்துக்கிட்டப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

இந்தக் கேள்விக்கு அவர் எதுவும் பழகி வைத்திருக்கவில்லை.

"பக்கத்துலதாங்க நின்னேன்."

ஆண்டியை வெளியே விட்டார்கள். அவன் நஞ்சப்பனைத் தாண்டிப் போகும்போது நின்றான்.

"அண்ணா, வூட்டுக்கு எதுனா சொல்லணுங்களா?"

நஞ்சப்பனால் தலையைத் தூக்க முடியவில்லை.

உங்கள் வீடுகளில் ராகியும் நெல்லும் நிறையட்டும், கண்ணுகளா. வாசலில் யார் வந்து எதைக் கேட்டாலும், நிமிர்ந்து பதில் சொல்லும் முகம் உங்கள் பிள்ளைகளுக்கு வாய்க்கட்டும்.